அணி ஜெயிக்க ஆரம்பிச்ச பிறகு என் வரிசையில பழைய முகம் ஒண்ணுகூட இல்ல

பதினோராம்வரிசை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ நான். இன்னிக்கு எழுதிடணும்னு தோணுது.

பதிமூணு வருஷமா ஒரு என்பிஏ (வட அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) அணிக்கு சீசன் டிக்கெட் வச்சிருக்கேன். எந்த அணின்னு கேக்காதீங்க, சொன்னா பேச்சு முழுக்க அந்த அணியைப் பத்தியே போயிடும். மேல்தளம், பதினோராவது வரிசை, ஓரத்துலேர்ந்து ரெண்டாவது சீட். முதல் எட்டு வருஷம் நாங்க தோத்துக்கிட்டேதான் இருந்தோம். செவ்வாய்க்கிழமை ராத்திரி, வெளியில பனி, எதிரணியும் எங்களை மாதிரியே அடிமட்டம். அந்த மாதிரி ஆட்டத்துக்கு எங்க பகுதியில முப்பது பேர் தேறினா பெரிசு. கோர்ட்ல ஷூ கிறீச்சிடுற சத்தம் மேல வரைக்கும் கேக்கும். கோச் யாரைத் திட்டுறார்னுகூடத் தெரியும்.

ஓர சீட்ல ஒரு பெரியவர் உட்காருவார். தபால்காரரா இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில சின்ன நோட்டு, பாதியாத் தேஞ்ச பென்சில். நம்ம அணி எத்தனை ஃப்ரீ த்ரோ போட்டுச்சு, அதுல எத்தனை விழுந்துச்சுன்னு மட்டும் எழுதுவார். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பக்கம். யாரும் கை நீட்டாம, யாரும் மறிக்காம நின்னு போடுற பந்து அது, அதைத் தவறவிடுறதைத்தான் என்னால தாங்க முடியலைம்மான்னு சொல்வார். எங்க அம்மா தவறின மாசம் நான் அஞ்சு ஆட்டத்துக்குப் போகல. திரும்பிப் போன அன்னிக்கு அந்த அஞ்சு ஆட்டத்தோட கணக்கையும் தனித்தாள்ல எழுதி வச்சிருந்து என் கையில கொடுத்தார். வேற எதுவும் பேசல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அணி தேறுச்சு, பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, அதான் பிளேஆஃபுக்குப் போச்சு. அடுத்த டிக்கெட் புதுப்பிப்புல விலை ஏறின ஏத்தத்துல அவர் விட்டுட்டார். இப்ப அந்த ஓர சீட்ல ஆட்டத்துக்கு ஒரு ஆள். போன வெள்ளிக்கிழமை நாலாவது குவார்ட்டர், ரெண்டு புள்ளி வித்தியாசம். டிஃபென்ஸுக்குக் கத்த எழுந்து நின்னேன். பின்னாலேர்ந்து ஒருத்தர் "மறைக்குது, உட்காருங்க"ன்னார். ஓர சீட்ல இருந்தவர் எதிரணி ஜெர்சி போட்டிருந்தார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. நல்ல காலத்துல மட்டும் வர்ற இந்தக் கூட்டத்தை எங்க அரங்கத்துல பாக்கவே பிடிக்கல. நான் தப்பா?

கணக்கர் எழுதியது:

சகோதரி, தப்பில்லை. ஆனா கோவம் போற திசை சரியான்னு பாக்கணும்.

சீசன் டிக்கெட் பழக்கம் இல்லாதவங்களுக்காக ஒரு வார்த்தை. வழக்கமான சீசன்ல ஒரு அணிக்கு 82 ஆட்டம், அதுல 41 சொந்த அரங்கத்துல. அத்தனைக்கும் மொத்தமா முன்கூட்டியே பணம். ப்ரீசீசன் ஆட்டங்களையும் பெரும்பாலும் சேர்த்தே தலையில கட்டிடுவாங்க. முக்கிய ஆட்டக்காரர்கள் கொஞ்ச நேரம் ஓடிட்டு உட்கார்ந்துடுற ஆட்டங்கள் அவை. பதிலுக்கு அடுத்த வருஷமும் அதே சீட், பிளேஆஃப் வந்தா டிக்கெட்ல முதல் உரிமை. எட்டு வருஷம் தோத்த அணிக்கு அந்த முதல் உரிமையை வச்சு என்ன பண்றது? நாளைக்கு நல்லா வரும்கிற நம்பிக்கைக்குத்தான் நீங்க காசு கட்டியிருக்கீங்க.

இன்னொண்ணு. ஆட்டம் முடிஞ்சதும் அறிவிக்கிற 'வருகை' எண்ணிக்கை எத்தனை டிக்கெட் கைமாறிச்சுங்கிற கணக்கு. எத்தனை பேர் உள்ள வந்தாங்கன்னு அது சொல்லாது. உங்க முப்பது பேர் ராத்திரிக்கும் ஏட்டுல பத்துப் பன்னிரண்டாயிரம்னு போட்டிருப்பாங்க. போர்ட்லண்ட் அணி 1977ல சாம்பியன் ஆச்சு. அந்த வருஷத்துலேர்ந்து 1995 வரைக்கும் சொந்த அரங்கத்துல தொடர்ந்து 814 ஆட்டம் 'அரங்கு நிறைஞ்சது'. பெரிய சாதனைதான். ஆனா அது 13,000 பேர்கூடக் கொள்ளாத சின்ன அரங்கம், ஊர்ல வேற பெரிய தொழில்முறை அணியும் கிடையாது. விசுவாசம்னு நாம சொல்றதுல எவ்வளவு மனசு, எவ்வளவு சூழ்நிலைன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்.

பழையஸ்கோர் எழுதியது:

நல்ல காலத்து ரசிகர்னா எனக்கு 2013 ஜூன் 18தான் ஞாபகம் வரும். ஏழு ஆட்டத் தொடரா நடக்குற ஃபைனல்ஸ்ல ஆறாவது ஆட்டம், மயாமி அரங்கம். 28 வினாடி பாக்கி, எதிரணி ஸ்பர்ஸ் 94, மயாமியோட ஹீட் 89. கோப்பை கொடுக்க கோர்ட்டைச் சுத்தி மஞ்சக் கயிறு கொண்டாந்தாச்சு. சொந்த ரசிகர்கள் கூட்டம் கூட்டமா எழுந்து வெளியே போயிட்டாங்க. அப்புறம் ஹீட்டோட லெப்ரான் ஒரு மூணு புள்ளி ஷாட், 5.2 வினாடி இருக்கறப்ப மூலையிலேர்ந்து ரே ஆலன் ஒரு மூணு. கூடுதல் நேரத்துல ஹீட் 103-100. வெளியே போனவங்க கதவைத் தட்டினாங்க, உள்ள விடல. ஏழாவது ஆட்டத்துக்கு அவங்க வரவே வேணாம்னு ஹீட் ஆட்டக்காரர் கிறிஸ் போஷ் வெளிப்படையாவே சொன்னார்.

பதினோராம்வரிசை அக்கா, உங்க பெரியவருக்குப் பிடிச்ச சங்கதி ஒண்ணு இதுல இருக்கு. அந்தக் கடைசி அரை நிமிஷத்துல ஸ்பர்ஸோட ஜினோபிலி ரெண்டு ஃப்ரீ த்ரோல ஒண்ணைத் தவறவிட்டார், லெனர்டும் ரெண்டுல ஒண்ணை விட்டார். எதுவும் தவறாம இருந்திருந்தா ரே ஆலன் போட்ட பந்துக்கு வேலையே இல்ல.

பதினோராம்வரிசை எழுதியது:

அந்த ஆட்டத்தை அவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவார். அந்த ரெண்டையும் சேர்த்துத்தான்.

வளைகுடாதம்பி எழுதியது:

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ரசிகன். அக்கா, நான் நீங்க திட்டுற அந்தக் கூட்டத்துலேர்ந்து வந்தவன்.

2015ல எனக்குப் பன்னிரண்டு வயசு. எங்க ஆட்டக்காரர் ஸ்டெஃபன் கரி பாதி கோர்ட்லேர்ந்து போடுறதைப் பாத்துட்டுத்தான் பாஸ்கெட்பால்னு ஒண்ணு இருக்கிறதே மண்டையில ஏறுச்சு. அணி நாப்பது வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் சாம்பியன் ஆச்சுன்னு எனக்கு யாரும் சொல்லல. நான் பாக்க ஆரம்பிச்சதிலேர்ந்து அஞ்சு வருஷமும் ஃபைனல்ஸ். தோக்குறதுன்னா என்னன்னே தெரியாம வளந்த ரசிகன்.

அப்புறம் 2019 வந்துச்சு. டுராண்ட் வேற அணிக்குப் போயிட்டார், கிளே தாம்ப்சனுக்கு முட்டி போச்சு, சீசன் தொடங்கின நாலாவது ஆட்டத்துலயே கரிக்குக் கை உடைஞ்சுது. 15 வெற்றி, 50 தோல்வி, லீக்லயே கடைசி. பள்ளியில கூடப் பாத்தவங்க எல்லாம் வேற அணிக்குப் போயிட்டாங்க. நான் ராத்திரி உட்கார்ந்து பேரே தெரியாத பசங்க இருபது புள்ளியில தோக்குறதைப் பாத்தேன். ஏன்னு இன்னிக்கும் விளக்கத் தெரியல, பாக்காம இருக்க முடியல. 2022ல மறுபடி ஜெயிச்சப்ப நான் அழுத அழுகையை 2015ல அழுதிருக்க மாட்டேன்.

2007ல எட்டாவது இடத்துலேர்ந்து வந்து, 67 ஆட்டம் ஜெயிச்ச டல்லாஸை வீட்டுக்கு அனுப்பின அணியைப் பத்தி பழைய ரசிகர்கள் பேசறப்ப எனக்குப் பொறாமையா இருக்கும். அதுக்கு முன்னாடி பன்னிரண்டு சீசன் பிளேஆஃப் பாக்காதவங்க அவங்க. அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைக்காது. ஆனா குளம் வத்தினப்ப பறக்குறவன் யாருன்னு வத்தின அப்புறம்தானே தெரியும்? தண்ணி நிறைஞ்சிருக்கறப்பவே எங்களை ஏன் விரட்டுறீங்க?

பதினோராம்வரிசை எழுதியது:

தம்பி, நீங்க சொன்னது உறைக்குது. அந்த ஓர சீட்ல வந்து உட்காருறவங்கள்ல உங்களை மாதிரி ஒரு பிள்ளையும் இருந்திருக்கலாம். நான் திரும்பிக்கூடப் பாக்கல.

ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க டிவியில பாத்தீங்க. உங்களுக்கு இடம் கொடுக்க யாரும் எழுந்து போக வேண்டியிருக்கல. அரங்கத்துல சீட் எண்ணிக்கை மாறாது. ஒருத்தர் வந்தா ஒருத்தர் போகணும்.

மோட்டார்சிட்டி எழுதியது:

டெட்ராய்ட். 2023 அக்டோபர் கடைசியில தோக்க ஆரம்பிச்சு தொடர்ந்து 28 ஆட்டம். ஒரே சீசன்ல யாரும் அவ்வளவு தோத்ததில்ல. டிசம்பர் 30 அன்னிக்கு டொராண்டோவை 129-127ல ஜெயிச்சப்ப நான் அரங்கத்துல இருந்தேன். பக்கத்துல இருந்தவர் யாருன்னே தெரியாது, ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டோம். மூணு ஆட்டம் ஜெயிச்ச அணிக்கு!

அந்த வருஷம் 14-68. புது ஆட்டக்காரர்களை எந்த அணி முதல்ல எடுக்கணும்னு குலுக்குற லாட்டரியிலும் அதிர்ஷ்டம் இல்ல, ரெண்டு வருஷம் தொடர்ந்து கடைசி இடத்துல முடிச்சும் அஞ்சாவது தேர்வுதான் கிடைச்சுது. அடுத்த சீசன்லயே 44-38, பிளேஆஃப். இப்ப அரங்கம் நிறையுது. எனக்குச் சந்தோஷம்தான். காலி நாற்காலிகளுக்கு நடுவுல உட்கார்ந்து பாத்தவனுக்குத்தான் தெரியும், கூட்டம் வர்றது எவ்வளவு நல்லதுன்னு. எங்க ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் அந்தத் தோல்விகள்ல ஓடின ஓட்டத்துக்கு முழு அரங்கம் எழுந்து நின்னு கைதட்டணும். நான் ஒருத்தன் தட்டினா போதாது.

உச்சிவரிசை எழுதியது:

எனக்கு வேற சந்தேகம். விசுவாசமா இருக்கறது அணிக்கு நல்லதா?

28 ஆட்டம் தோத்தாலும் காசு கட்டுறவன் இருக்கான்னா முதலாளி எதுக்கு மாறணும்? நியூயார்க் 2014-15ல 17 ஆட்டம்தான் ஜெயிச்சுது, அரங்கம் நிறைஞ்சுதான் இருந்துச்சு. தொலைக்காட்சிப் பணமோ கேக்கவே வேணாம். 2025-26லேர்ந்து பதினோரு வருஷத்துக்கு சுமார் 7,600 கோடி டாலர், முப்பது அணிக்கும் பங்கு. தோத்தாலும் வரும். இந்த நிலைமையில ரசிகன்கிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் வராம இருக்கறதுதான். விலகிப் போறவனைத் துரோகின்னு சொல்லாதீங்க, அவன்தான் கேள்வி கேக்குறான்.

பழையஸ்கோர் எழுதியது:

//ஒரே ஆயுதம் வராம இருக்கறதுதான்//

சியாட்டில்ல அந்த ஆயுதம் யார் மேல பாய்ஞ்சுதுன்னு பாருங்க. 1967லேர்ந்து இருந்த அணி, 1979ல சாம்பியன். 2006ல வெளியூர்க்காரங்க கைக்கு மாறிச்சு. அணி மோசமாச்சு, கூட்டம் குறைஞ்சுது, குறைஞ்ச கூட்டமும் ஒரு சாக்காச்சு. குத்தகையில ரெண்டு வருஷம் பாக்கி இருக்கறப்பவே நகரத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுத்துட்டு 2008ல ஓக்லஹோமா சிட்டிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த ஏப்ரல்ல கடைசி சொந்த ஆட்டத்துல, முதல் வருஷ ஆட்டக்காரரா இருந்த டுராண்ட் கையை மேல வீசி வீசிக் கூட்டத்தை இன்னும் கத்தச் சொன்னார். நாப்பத்தோரு சீசன் அதோட முடிஞ்சுது. கடைசி வரைக்கும் வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் ஒரே தண்டனை.

சாக்ரமெண்டோவுக்கும் அதேதான் நடந்திருக்கணும். 2013ல அணியை சியாட்டிலுக்கே கொண்டுபோகப் பாத்தாங்க. ரசிகர்கள் புது முதலாளி வந்தா சீசன் டிக்கெட் வாங்கறோம்னு உறுதி எழுதிக் கொடுத்தாங்க, மேயர் ஓடி ஓடி ஆள் சேத்தார், லீக் முதலாளிகள் 22-8ன்னு மாத்தத்தை நிராகரிச்சாங்க. அதுக்கு அப்புறமும் அந்த ஜனம் பத்து வருஷம் பிளேஆஃப் இல்லாம இருந்துச்சு. மொத்தம் 16 சீசன் வறட்சி. 2023ல 48 ஆட்டம் ஜெயிச்சு உள்ள போனப்ப, ஒவ்வொரு வெற்றிக்கும் அரங்கத்து மேலேர்ந்து ஊதா வெளிச்சம் வானத்துக்குப் போகும். அதை அண்ணாந்து பாத்தவங்கள்ல பாதிப் பேர் அந்த வருஷம் வந்த புது ஆளுங்கதான். உறுதி எழுதிக் கொடுத்தவங்க அணியைக் காப்பாத்தி வச்சதாலதான் அவங்களுக்கு வந்து சேர ஒரு இடம் இருந்துச்சு.

அதிகாலை எழுதியது:

எங்களையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. கடல் தாண்டி விடியற்காலை அலாரம் வச்சுப் பாக்கறவங்க நாங்க. டொராண்டோ ராப்டர்ஸ் ஆட்டம் ஒண்ணைக்கூட நேர்ல பாத்ததில்ல. சீசன் டிக்கெட்தான் விசுவாசத்துக்கு ஆதாரம்னா நாங்க எந்தக் கணக்குலயும் வர மாட்டோம்.

ஆனாலும் ராப்டர்ஸ் ரசிகர் நவ் பாட்டியாவை நினைச்சா பெருமைதான். 1984ல கனடாவுக்குக் குடிபோனவர், 1995ல அணி தொடங்கினதிலேர்ந்து கூடையடியில உட்கார்ந்திருக்கார். 2019ல அணி ஜெயிச்சப்ப ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த மோதிரத்தை அவருக்கும் கொடுத்தாங்க. 2021ல ஹால் ஆஃப் ஃபேம்ல ரசிகர்ங்கிற முறையிலயே இடம். தலைப்பாகையோட அவர் எழுந்து கத்துறதை டிவியில பாக்கறப்ப, எங்களுக்காகவும் ஒருத்தர் அங்க நிக்கிறார்னு தோணும்.

லோன்ஸ்டார் எழுதியது:

டல்லாஸ்ல எங்க பாடு வேற. 2024ல ஃபைனல்ஸ். எட்டு மாசத்துல எங்க நட்சத்திர ஆட்டக்காரர் லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தாச்சு. சில வாரம் கழிச்சு சீசன் டிக்கெட் விலை ஏத்தம். ஏப்ரல்ல அவர் எதிரணியா வந்து 45 புள்ளி போட்டப்ப எங்க அரங்கமே அவருக்காகக் கத்துச்சு. அன்னிக்குக் கத்தினவங்க யாரு? நல்ல காலத்து ரசிகர்களா? பெரும்பாலும் அந்த அணிக்காக உயிரைக் கொடுத்தவங்கதான். அணின்னா சட்டையா, ஆளா, ஊரான்னு அன்னிக்கு யாருக்கும் புரியல.

பாதிசீட் எழுதியது:

இவ்வளவு நேரம் எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். பதினோராம்வரிசை, உங்க ஓர சீட்ல ஆட்டத்துக்கு ஒரு ஆள் வர்றதுக்குக் காரணம் என்னை மாதிரி ஆளுங்கதான்.

ஒன்பது வருஷமா சீசன் டிக்கெட். என் சம்பளத்துக்கு 41 ஆட்டம் கட்டாது. அதனால அட்டவணை வந்த அன்னிக்கே உட்கார்ந்து பிரிச்சிடுவேன். லேக்கர்ஸ் வர்ற ராத்திரி, வாரியர்ஸ் வர்ற ராத்திரி, பாஸ்டன் வர்ற சனிக்கிழமை, எல்லாத்தையும் ரீசேல்ல போட்டுடுவேன். பத்துப் பன்னிரண்டு பெரிய ஆட்டத்தை வித்தா மீதி முப்பதோட செலவுல பெரும்பகுதி வந்துடும். யார் வாங்குவாங்க? பெரும்பாலும் எதிரணி ரசிகர்கள்தான், அவங்கதான் அன்னிக்கு அதிக விலை கொடுப்பாங்க. அப்புறம் வீட்ல உட்கார்ந்து டிவியில பாக்கறப்ப என் பகுதி முழுக்க எதிரணி நிறம். அவங்க ஃப்ரீ த்ரோ போடறப்ப அரங்கத்துல சத்தமே இருக்காது, நம்ம ஆள் போடறப்ப கூச்சல். அது என் கைவேலைன்னு எனக்குத் தெரியும். வயித்தைக் கலக்கும்.

தரகர்கள் மொத்தமா வாங்கி விக்கறது தனி. ஆனா எங்களை மாதிரி ஆளுங்க இல்லாம அந்தச் சந்தை இல்ல. விலை ஏற ஏற, விசுவாசமா இருக்கவே சீட்டை விக்க வேண்டியிருக்கு. கிளிப்பர்ஸ் 2024ல திறந்த புது அரங்கத்துல ஒரு கோல்போஸ்டுக்கு, மன்னிக்கணும், கூடைக்குப் பின்னால 51 வரிசையை மதில் மாதிரி கட்டி, அங்க எதிரணி ஜெர்சிக்கு இடமில்லைன்னு வச்சிருக்காங்க. மத்த அணிகளும் மேல்தளத்துல நாலு வரிசையையாவது அப்படி ஒதுக்கி, ரீசேல் இல்லாம, விலை ஏத்தாம பழைய ஆளுங்களுக்குக் கொடுத்தா எனக்கு விக்கவேண்டிய அவசியம் இருக்காது.

கணக்கர் எழுதியது:

இந்த இழையிலேயே நேர்மையான பதிவு இதுதான். நான் ஆரம்பத்துல சொன்ன 'திசை' இதுதான். வந்து உட்கார்றவரைப் பாத்துக் கோவப்படறோம். அந்தச் சீட் எப்படி அவர் கைக்குப் போச்சுன்னு கேக்கறதில்ல.

உச்சிவரிசை எழுதியது:

அதுக்காக எதிரணிக்காரனுக்கு விக்கணுமா அண்ணே? கொஞ்சம் குறைஞ்சாலும் நம்ம ஆளுக்கே விக்கலாமே.

பாதிசீட் எழுதியது:

ரெண்டு வருஷம் அப்படித்தான் செஞ்சேன் தம்பி. தெரிஞ்ச ஒருத்தருக்கு வாங்கின விலைக்கே கொடுத்தேன். அவர் அதை ரீசேல்ல போட்டார்.

பதினோராம்வரிசை எழுதியது:

நாலு நாள் கழிச்சு எழுதறேன். எல்லாரும் எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

பாதிசீட் எழுதினதைப் படிச்சதும் பெரியவருக்கு ஃபோன் பண்ணினேன். இந்த ரெண்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூடப் பண்ணல, அதுவே எனக்கு உறுத்தல். கேட்டேன். கடைசி மூணு சீசன்ல அவரும் பெரிய ஆட்டங்களை வித்துத்தான் மீதியை ஓட்டியிருக்கார். அந்த ராத்திரிகள்ல உடம்பு சரியில்லைன்னு என்கிட்ட சொல்வார், நானும் நம்பினேன். ஓர சீட்ல எதிரணி ஜெர்சியை நான் முதல்ல பாத்தது அந்த ராத்திரிகள்லதான். அவர் இருந்த காலத்துலயே.

அவர் மேல எனக்குக் கொஞ்சமும் கோவம் இல்ல. பதினாறு வருஷம் தோத்த அணியை உட்கார்ந்து பாத்தவர், கடைசியில பாக்கவேண்டிய ஆட்டங்களையே வித்துட்டு செவ்வாய்க்கிழமைகளை வச்சுக்கிட்டார். கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கேன், பழைய டிக்கெட்காரங்களுக்கு மேல்தளத்துல விலை ஏறாத வரிசைகள் வேணும்னு. எங்க பகுதியில இன்னும் இருக்கிற ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

அவரை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். வேணாம்மா, முட்டி படி ஏற விடாது, ரேடியோ போதும்னுட்டார். வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டார். ரேடியோல ஃப்ரீ த்ரோ கணக்கை ஒழுங்கா சொல்றதில்லையாம்.

நேத்து ஆட்டத்துக்கு நோட்டு எடுத்துட்டுப் போனேன். ஓர சீட்ல ஒரு அப்பா, மடியில சின்னப் பொண்ணு, ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் ஆட்டம். என்ன எழுதறீங்கன்னு பொண்ணு கேட்டா, சொன்னேன். மூணாவது குவார்ட்டர்லேர்ந்து ஒவ்வொரு தடவையும் அவளே எனக்கு முன்னாடி எண்ணிச் சொன்னா.

23க்கு 17. ராத்திரியே அவருக்கு அனுப்பிட்டேன்.